நானூறு கிலோ வானிலை

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கடிதமாகப் பிறந்தது. உடனே காதல் கடிதமா என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். விளக்கக் கடிதம். "கீழ்க்காணும் முரண்பாடு குறித்து ஏழு நாட்களுக்குள் தங்கள் விளக்கத்தை நேரில் அளிக்குமாறு" என்று அலுவலகம் கேட்கும், ஊழியர் வியர்த்து விறுவிறுத்து எழுதிக் கொடுப்பார், அந்த வகை. கேட்கப்பட்டவள் என் அக்கா. எழுதச் சொல்லி மாட்டிவிடப்பட்டவன் நான்.

எங்கள் வீட்டில் என் புத்தகங்களை யாரும் படித்ததில்லை. மூன்று போட்டிருக்கிறேன், ஒன்று அக்கா வீட்டில் ஆடும் மேசையின் காலுக்கடியில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுத வேண்டுமா, குடியிருப்பவருக்கு நோட்டீஸ் எழுத வேண்டுமா, எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிடும்: வீட்டில் ஒரு எழுத்தாளன் சும்மாதானே இருக்கிறான்.

அக்கா ஒரு விமான நிறுவனத்தில் டிஸ்பாட்சர். ஒவ்வொரு விமானமும் எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடும் வேலை. அவளும் கேப்டனும் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக உறவுக்காரர்கள் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் கொஞ்சம் கம்மியாகக் கிடைக்குமா?

கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

2.

முதல் தொடக்கம்: "ஓடுதளத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர, அந்தி வானம் தன் செந்நிறப் போர்வையை—"

அடித்துவிட்டேன். அக்கா வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. சரக்குக் கட்டடத்தின் கீழ்த்தளம். ஆறு மேசை, பன்னிரண்டு திரை, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு நீல வாளி, முதுகில் ஒரு அறை வாங்கினால்தான் காகிதம் துப்பும் பிரிண்டர். அவள் அந்தியைப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். விமானம் என்றால் அவளுக்கு ஒரு எண், ஒரு எடை.

இரண்டாம் தொடக்கம்: "மூன்று வருடம், தினமும் மாலை ஐந்து ஐம்பதுக்கு, அவள் ஒரு பொய் சொன்னாள்."

எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குக் காட்டினேன். ஐந்து ஐம்பது விமானம் கிளம்பும் நேரம், கையெழுத்து நாலரைக்கே போட்டாக வேண்டும் என்றாள். தினமும் இல்லை, வாரத்தில் ஐந்து நாள்தான் என்றாள். மீதி இரண்டு நாள் பக்கத்து சீட்டுக்காரர் அவளுடைய திட்டத்தை அப்படியே காப்பி அடிப்பாராம்.* பொய் என்ற சொல்லுக்கு மட்டும் அவள் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் சுட்டிக்காட்டிய முரண்பாடு உண்மையே. அதற்கான காரணம் யாதெனில்—"

இந்த 'யாதெனில்'லில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன்.

(* பக்கத்து சீட்டுக்காரருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. அவர் குறித்த காரணம் 'முந்தைய திட்டத்தின்படி'. இந்த உலகில் பத்திரமாக வாழ இதைவிடச் சிறந்த வாசகம் இல்லை.)

3.

கதையை நிறுத்திவிட்டு ஒரு சிறு பாடம். (பாடம் என்றால் பக்கத்தைத் தாண்டுகிறவர்கள் தாண்டலாம். முடிவு புரியவில்லை என்று பிறகு என்னைத் திட்டக் கூடாது.)

விமானத்தின் எரிபொருளை லிட்டரில் சொல்ல மாட்டார்கள், கிலோவில் சொல்வார்கள். தூக்கிக்கொண்டு பறக்கிறவனுக்கு எடைதானே கவலை. அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு பெயர் உண்டு. தரையில் ஊர்ந்துபோய் ஓடுதளத்தைச் சேர இவ்வளவு. ஊர் போய்ச் சேர இவ்வளவு. எதிர்பாராத தேவைக்கு, பயணத்துக்கானதில் ஐந்து சதவீதம். எதிர்பாராதது எவ்வளவு வரும் என்று சட்டம் சரியாக எதிர்பார்த்து வைத்திருக்கிறது. போன ஊரில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போக இவ்வளவு. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசியாக, முப்பது நிமிடம் வானத்தில் சுற்றுவதற்கானது.

இந்தக் கடைசி முப்பது நிமிடம் செலவழிப்பதற்கு அல்ல. சக்கரம் தரையைத் தொடும்போது அது டேங்கில் அப்படியே மிச்சம் இருக்க வேண்டும். அதில் கைவைக்க நேரும் என்று தெரிந்த நிமிடமே கேப்டன் ஆபத்துக்குரல் கொடுக்க வேண்டும். மற்ற விமானங்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிடும்.

இது எனக்குப் புரிவதற்காக அக்கா தன் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். மூன்று தீப்பெட்டி. ஒன்று பற்றவைக்க, ஒன்று அது தீர்ந்தால், மூன்றாவது தொடவே கூடாதது. அவள் பெருமையாகத் திறந்து காட்டிய மூன்றாவது பெட்டி காலியாக இருந்தது. அக்காவின் கணவர், எனக்கு மாமா, அந்தச் சமயம் பார்த்துப் பால்கனிக்குப் போய்ச் செடிகளைக் கவனிக்க ஆரம்பித்தார். மாமா தன் காரிலும் பெட்ரோல் விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் வண்டி ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது என்று நினைக்கிறவர். சிவப்பு விளக்குக்குப் பிறகு நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்பது அவர் கணக்கு. இரண்டு முறை முப்பத்தெட்டிலேயே நின்று, தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எப்படித்தான் இந்த இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தார்களோ.

சரி. சட்டம் கேட்பதற்கு மேலும் ஏற்றலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அக்காவின் நிறுவனத்தில் அதற்குத் திரையில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் நான்கு காரணம்: வானிலை, நெரிசல், இயந்திரக் கோளாறு, கேப்டனின் கோரிக்கை. 'மற்றவை' கிடையாது. மனிதர்களை நன்றாக அறிந்த யாரோ அதை எடுத்திருக்கிறார்கள்.

4.

மாலை விமானத்துக்கு அக்கா நானூறு கிலோ கூடுதலாகப் போட்டு வந்தாள். பத்து நிமிடம் பறக்கலாம், அவ்வளவுதான். காரணம்: வானிலை. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்த நாளிலும் வானிலை.

மூன்று வருடம் யாரும் கேட்கவில்லை. பிறகு நிறுவனம் ஒரு புது மென்பொருள் வாங்கியது. அது முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டது: விமானம் போய் இறங்கும் ஊரில் மழையானாலும் மூடுபனியானாலும் புழுதிக்காற்றானாலும், எடைபோட்டுப் பார்த்தால் சரியாக நானூறு கிலோ இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெயிலுக்கும் அதே எடை.

ஒரு நாள் முந்நூற்றைம்பது, ஒரு நாள் ஐந்நூற்றிருபது என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் மாட்டியிருக்கவே மாட்டாயே என்று கேட்டேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"தேவை நானூறு. எதுக்கு ஐந்நூத்தி இருபது போடணும்? வேஸ்ட்தானே?"

பொய்யைக்கூடச் சரியாக அளந்து சொல்கிறவளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

இனி வில்லன். எரிபொருள் சிக்கனப் பிரிவின் மேலாளர். ஊழியர்கள் வைத்த பெயர் சிக்கனம். முதல் வரைவில் அவருக்கு மெல்லிய மீசையும், பேசும்போது பல் குத்தும் பழக்கமும் கொடுத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு இரண்டையும் அடித்தாள். சிக்கனம் நல்ல மனிதராம். பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் தானே கேக் வாங்கி வருவாராம். (சரியாக எத்தனை பேரோ அத்தனை துண்டு.) அவர் கணக்கும் தப்பில்லையாம். நானூறு கிலோவைச் சும்மா தூக்கிக்கொண்டு போவதற்கே தினமும் இருபத்தைந்து கிலோ எரிகிறது. மூன்று வருடத்துக்கு அது எவ்வளவு புகை என்று அக்காவே எனக்குப் பெருக்கிக் காட்டினாள். தன்னைக் குற்றம் சாட்டுகிறவருக்காக இப்படி வாதாடும் கதாநாயகியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நோட்டீஸ் கொடுத்த அன்று சிக்கனம் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் சொன்னாராம்: "மேடம், அனுபவத்துல ஒரு முன்னெச்சரிக்கையா வானிலைன்னு போட்டேன்னு ஏதாவது ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஒரு எச்சரிக்கையோட நான் ஃபைலை மூடிடறேன். வேற மாதிரி எழுதினீங்கன்னா, பொய்ப் பதிவுன்னு ஆயிடும். லைசென்ஸ் போயிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்லை."

வில்லனும் போச்சு. கதையில் இப்போது மிச்சமிருப்பது நல்லவர்கள் மட்டும். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய விபத்து வேண்டாம்.

5.

அதனால் நானே ஒரு விபத்தை ஏற்பாடு செய்தேன். எழுதியது இப்படி:

"தரையிறங்க இன்னும் மூன்று நிமிடம். முன்னால் இறங்கிய சரக்கு விமானத்தின் டயர் வெடித்தது. ஓடுதளம் மூடப்பட்டது. மாலை விமானம் வட்டமிடத் தொடங்கியது. பத்து நிமிடம். இருபது. முப்பது. கேப்டனின் நெற்றியில் வியர்வை. எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே போக, அப்போதுதான் யாரோ ஒரு பெண் கூடுதலாகப் போட்டிருந்த அந்த நானூறு கிலோ—"

ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதியவை: முள் கிடையாது, எண்தான் வரும். வியர்க்காது, ஏசி உண்டு. முப்பது நிமிடம் யாரும் சுற்ற மாட்டார்கள், பத்தாவது நிமிடம் பக்கத்து ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நானூறு இல்லாவிட்டால் விழாது, வேறு ஊரில் இறங்கும். பயணிகள் கத்துவார்கள், பஸ் வரும், அவ்வளவுதான்.

கடைசி வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இந்த ஃபிளைட்ல எத்தனை பேர்?"

நூற்று எண்பது என்றேன்.

"எதுக்குடா ஏத்துன அவங்களை?"

அவள் செய்தது சரி என்று காட்டத்தான் என்றேன். எதுவும் நடக்காவிட்டால் நானூறு கிலோ வீண் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? ஒரே ஒரு முறை ஏதாவது நடந்தால்தானே நீ ஜெயிப்பாய்?

"நான் சரின்னு காட்டறதுக்கு நூத்தி எண்பது பேரைத் தூக்கி நடு வானத்துல நிறுத்துவியா? எதுவும் நடக்கக் கூடாதுன்னுதான்டா நான் உக்காந்திருக்கேன். எல்லாரையும் இறக்கி விடு."

குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. இறக்கிவிட்டேன். ஐந்து ஐம்பது விமானம் சரியான நேரத்தில், தெளிந்த வானத்தில், மேற்கோள் குறிகளை விட்டு வெளியே வந்து தரையிறங்கியது. பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல், வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பகுதியில் இப்போது ஆளே இல்லை.

6.

அப்படியானால் ஏன் நானூறு?

மூன்று வருடத்துக்கு முன், கூடுதல் எரிபொருள் கேட்கும் கேப்டன்களின் பெயர்ப் பட்டியலை நிறுவனம் ஓய்வறைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தது. அதிகம் கேட்டவருக்கு முதலிடம், சிவப்பில். யாரையும் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லையாம். வெறும் தகவலாம்.

அந்த மாதம் ஒரு மாலை அக்கா சட்டம் கேட்ட அளவை மட்டும் போட்டு அனுப்பினாள். விமானம் போன ஊரில் நெரிசல். இதோ முறை வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று அங்கேயே சுற்றினார்கள். பக்கத்து ஊருக்கென்று வைத்ததும் சுற்றலிலேயே கரைந்தது. தரை தொட்டபோது டேங்கில் முப்பத்தொரு நிமிடம் மிச்சம். சட்டப்படி முழுச் சரி. ஒரு அறிக்கைகூட எழுத வேண்டியதில்லை.

மறுநாள் அந்தக் கேப்டன் கீழ்த்தளத்துக்கு வந்தார். கேப்டன்கள் அங்கே வருவதில்லை; வாளியைத் தாண்டத் தெரியாமல் காலை நனைத்துக்கொண்டார். அக்காவின் மேசை முன் வந்து நின்றார்.

"உங்க கணக்குல தப்பே இல்லைம்மா. கிளம்பறப்பவே எனக்கு மனசு சொல்லிச்சு, கொஞ்சம் கூடக் கேக்கலாம்னு. பட்டியல்ல ஏற்கெனவே ரெண்டாவது இடம். அதை நினைச்சுக் கேக்காம விட்டுட்டேன்."

அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையிலிருந்து அக்கா நானூறு கிலோ போட ஆரம்பித்தாள். தன் பெயரில் போட்டால் எந்தக் கேப்டனும் கேட்க வேண்டாம், எந்தப் பெயரும் சுவரில் ஏற வேண்டாம். கட்டத்தில் அதற்குப் பொருத்தமான காரணம் இல்லை. வானிலை மேலே இருந்தது, கைக்குக் கிட்டியது.

இதையே எழுதிவிடலாமே என்று நான் குதித்தேன். அப்போதுதான் அவள் நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் முதல் பக்கம் மட்டும் படித்திருந்தேன்.*

இரண்டாம் பக்கத்தில் மென்பொருளின் பரிந்துரை. மூன்று வருடத்தில் மாலை விமானம் ஒரு முறைகூட நெருக்கடியில் இறங்கவில்லை. ஆகவே இந்த வழியில் எதிர்பாராத தேவைக்கான ஐந்து சதவீதம் அதிகம், மூன்று போதும். வழியில் இன்னொரு விமான நிலையத்தைக் குறித்துவைத்தால் சட்டமும் அதை அனுமதிக்கிறது. அடுத்த மாதம் முதல் அமல்.

நெருக்கடி ஏன் வரவில்லை? அந்த நானூறு கிலோவில் கைவைத்த நாட்கள் பதினேழு. அக்கா தேதியோடு குறித்துவைத்திருக்கிறாள். அந்தப் பதினேழு நாளும் மென்பொருளின் கண்ணுக்குப் 'பிரச்சினை இல்லை' என்றுதான் தெரிந்தன. அவள் ஒளித்துவைத்த பத்து நிமிடம்தான், பத்து நிமிடம் தேவையே இல்லை என்பதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

"நான் போட்டதே பறக்கிறவங்களுக்கு வினையா வந்து நிக்குது பாரு," என்றாள். இருபத்திரண்டு வருட அனுபவசாலி, நாற்பத்தெட்டு வயது, மூக்கை உறிஞ்சினாள். நானும் கைக்குட்டையைத் தேடினேன். கிண்டலாக எழுத வேண்டிய கதை, என்ன செய்ய.

(* எழுத்தாளர்கள் அடுத்தவர் எழுதியதை முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. இது ஊரறிந்த ரகசியம்.)

7.

ஆக, இரண்டு கடிதம் எழுதினேன்.

ஒன்று, சிக்கனம் கேட்ட மாதிரி. 'நீண்டகால அனுபவத்தின் அடிப்படையிலான வானிலை முன்னெச்சரிக்கை' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடும். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் எழுதியவற்றிலேயே சிறந்த புனைவு அதுதான். இதைக் கொடுத்தால் அக்காவின் வேலை நிலைக்கும். ஐந்து மூன்றாகும். யாரும் செத்துவிட மாட்டார்கள். பத்து நிமிட இடைவெளி ஒன்று இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

மற்றது உண்மை. ஒரே பக்கம். வானிலை இல்லை, காரணம் வேறு, பதினேழு தேதிகள் இவை, பரிந்துரையை மறுபடி ஆராயவும். கொடுத்தால் லைசென்ஸ் போகும். வீட்டுக்கடன் தவணையும் மகளின் கல்லூரியும் மாமா ஒருவர் தலையில் விழும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று நம்புகிற தலையில்.

முடிவுகளும் தயார். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்:

(அ) உண்மையைப் படித்த நிர்வாகம் கண்கலங்கி, பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்து, அக்காவுக்குப் பதவி உயர்வு தருகிறது. (சிரித்து முடித்தவர்கள் அடுத்ததற்கு வரலாம்.)

(ஆ) அக்கா வீட்டில் உட்காருகிறாள். அவள் நாற்காலியில் பக்கத்து சீட்டுக்காரர். முந்தைய திட்டத்தின்படி.

(இ) நிர்வாகம் தீவிரமாக யோசித்து, கட்டத்தில் ஐந்தாவதாக ஒரு காரணத்தைச் சேர்க்கிறது: 'உள்ளுணர்வு'. இந்தக் காரணத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு: பூஜ்யம் கிலோ.

(ஈ) அக்கா

ஈ-யை எழுதத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

8.

இதை இப்போது காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, தொடை மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். வியாழக்கிழமை காலை. நிறுவனத்தின் வாகன நிறுத்தம். அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் பத்து முதல் பத்தரை வரை. சரியாக முப்பது நிமிடம். நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களே கொடுத்தது. இப்போது பத்து மணி பதினொரு நிமிடம்.

வரும் வழியில் அக்கா முன்சீட்டில் இருந்தாள். மடியில் இரண்டு உறை, இரண்டும் ஒட்டியவை, ஒரே நிறம். சிக்னலில் நின்றபோது அவள் கண் மாமாவின் பக்கம் போனது. அங்கிருந்து வண்டியின் எரிபொருள் முள்ளுக்கு. முள் மேலே, முழு டேங்கில் நின்றது. பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. இங்கிருந்து வீடு எட்டு கிலோமீட்டர்.

"எதுக்கு ஃபுல் பண்ணீங்க?"

மாமா சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான்."

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் கொஞ்சம் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று பின்சீட்டிலிருந்து தெரியவில்லை. இறங்கும்போது ஓர் உறையைக் கைப்பைக்குள் வைத்தாள். மற்றதைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

"இதை நீயே வெச்சுக்க. பிரிக்காதே."

பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை என்பதுதான் சிக்கல். பொய்க் கடிதம் இரண்டு பக்கம், உண்மைக் கடிதம் ஒரே பக்கம். விரலால் அமுக்கினாலே தெரிந்துவிடும். அதனால் உறையை நுனியில் மட்டும் பிடித்திருக்கிறேன், ஈரக் காகிதத்தைப் பிடிப்பதுபோல. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "எது மிச்சம்னு பாரேன்" என்றார் ஒரு முறை. பிறகு அவரே, "வேண்டாம், விடு" என்றார்.

பத்து பதினாறு. இன்னும் எழுதலாம், பேனாவில் மை இருக்கிறது, அவள் வெளியே வரும்வரை காத்திருந்து ஈ-யை முடித்துவிடலாம். மாட்டேன். மூன்றாம் பகுதியின் பாடத்தைத் தாண்டாமல் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

எனக்குக் கை வலிக்கிறது. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியில் இல்லை, உள்ளங்கையில் வையுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு கனக்கிறது?